ஒரே கார், நான்கு விலை: மின்சாரக் கார் வாங்குவோர் எதை ஒப்பிடுவது?

புது தில்லி: மின்சாரக் கார் வாங்குவதில் மத்திய அரசுக்கே ஓர் அனுபவம் உண்டு. மின்துறை அமைச்சகத்தின் கீழ் உள்ள பொதுத்துறை நிறுவனங்களின் கூட்டு அமைப்பான இ.இ.எஸ்.எல்., 2017-ஆம் ஆண்டில் 10,000 மின்சாரக் கார்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. அரசு அலுவலகங்களில் ஓடும் பெட்ரோல், டீசல் கார்களை நீக்கிவிட்டு, இவற்றை மாத வாடகைக்கு அளிப்பது என்பது திட்டம்.

அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் முடிவு அறிவிக்கப்பட்டது. டாடா மோட்டார்ஸ் நிறுவனம் ஒரு காருக்கு ஜி.எஸ்.டி. நீங்கலாக ரூ.10.16 லட்சம் கோரியிருந்தது. வரியும் 5 ஆண்டு முழு உத்தரவாதமும் சேர்ந்து ரூ.11.20 லட்சம் ஆனது. அதைவிடக் கூடுதலாகக் கேட்டிருந்த மஹிந்திரா நிறுவனம் இந்த விலைக்கு இறங்கி வந்தது. முதல் கட்டமாக 500 கார்கள் இரு நிறுவனங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன.

இதில் கவனிக்க வேண்டியது விலை மட்டுமல்ல. போட்டியிட்ட அனைவரும் ஒரே படிவத்தில், ஒரே நிபந்தனைகளுக்கு உட்பட்டு விலை எழுத வேண்டியிருந்தது. வரி எவ்வளவு, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பவை எல்லாருக்கும் பொது. எனவே, எது குறைந்த விலை என்று சொல்வதில் சிக்கல் எழவில்லை.

இதே தில்லியில் ஒரு மாதச் சம்பளக்காரர் மின்சாரக் கார் வாங்கப் புறப்பட்டால் நிலைமை வேறு. ஒரு ஷோரூமில் "ரூ.50 ஆயிரம் தள்ளுபடி" என்பார்கள். அடுத்த ஷோரூமில் தள்ளுபடி இல்லை, வட்டி குறைவு என்பார்கள். மூன்றாவது இடத்தில், பேட்டரியை வாடகைக்கு எடுத்துக்கொண்டால் கார் ரூ.10 லட்சத்துக்கும் கீழே என்பார்கள். நான்காவதாக, முன்பணமே வேண்டாம், மாத வாடகை கட்டினால் போதும் என்று குத்தகை நிறுவனம் அழைக்கும். கார் ஒன்றுதான். ஆனால் நான்கு தாள்களிலும் உள்ள எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாதவை.

2024-25-ஆம் நிதியாண்டில் நாட்டில் விற்பனையான மின்சாரக் கார்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. உள்நாட்டு நிறுவனங்களுடன் வெளிநாட்டு நிறுவனங்களும் களத்தில் இறங்கியுள்ளன. தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் அமைத்த ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. போட்டி பெருகும்போது சலுகைகளும் பெருகும். அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் வழிதான் வாங்குவோருக்குத் தெளிவாக இல்லை.

மானியம் யாருக்கு?

ஷோரூமில் முதலில் காதில் விழும் சொல் "மானியம்". தனிநபர் வாங்கும் மின்சாரக் காருக்கு மத்திய அரசு நேரடி மானியம் அளிக்கிறதா என்றால், இல்லை என்பதே பதில்.

2019 ஏப்ரலில் ரூ.10,000 கோடி ஒதுக்கீட்டில் தொடங்கிய "ஃபேம்-2" திட்டத்தில் கார்களுக்கு மானியம் இருந்தது. ஆனால் அது வாடகைக் கார் போன்ற வணிகப் பயன்பாட்டு வாகனங்களுக்கு மட்டுமே. சொந்தக் கார்களுக்குக் கிடையாது. அத் திட்டம் 2024 மார்ச்சில் முடிவடைந்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2023 டிசம்பரில், தொழில்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு மின்சார வாகனங்கள் குறித்து அறிக்கை அளித்தது. திமுக மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா அப்போது அக் குழுவின் தலைவர். ஃபேம்-2 திட்டத்தை நீட்டிக்க வேண்டும். காரின் விலை, பேட்டரித் திறன் ஆகியவற்றுக்கு உச்சவரம்பு வைத்து, தனிநபர் வாங்கும் மின்சாரக் கார்களையும் மானிய வரம்பில் சேர்க்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது.

எனினும், 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ரூ.10,900 கோடி மதிப்பிலான "பி.எம். இ-டிரைவ்" திட்டத்தில் கார்கள் இடம்பெறவில்லை. இருசக்கர, மூன்று சக்கர வாகனங்கள், பேருந்துகள், லாரிகள், ஆம்புலன்ஸ்கள், சார்ஜிங் நிலையங்கள் ஆகியவற்றுக்கே நிதி ஒதுக்கப்பட்டது.

வருமான வரிச் சலுகையும் இப்போது புதிய கடன்களுக்கு இல்லை. மின்சார வாகனக் கடன் வட்டியில் ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம் வரை கழித்துக்கொள்ள வகை செய்த 80 இ.இ.பி. பிரிவு, 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டுமே பொருந்தும். இன்று கடன் வாங்குபவரிடம் இச் சலுகையைக் காட்டி விலையை நியாயப்படுத்தினால், அந்த எண்ணை அடித்துவிடலாம்.

எஞ்சி நிற்பது ஜி.எஸ்.டி. சலுகை. 2019 ஆகஸ்ட் 1 முதல் மின்சார வாகனங்களுக்கு 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக வரி குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22-இல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்திலும் இந்த 5 சதவீதம் தொடர்ந்தது. ஆனால் சிறிய பெட்ரோல் கார்களுக்கான வரி, 28 சதவீதமும் அதன்மேல் இழப்பீட்டு வரியும் என்றிருந்தது 18 சதவீதமாகக் குறைந்தது. சிறிய பெட்ரோல் காருக்கும் மின்சாரக் காருக்கும் இடையே இருந்த வரி இடைவெளி 24 சதவீதப் புள்ளிகளிலிருந்து 13 ஆகச் சுருங்கிவிட்டது. அதற்கு முன் தயாரிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பட்டியல் இன்னும் ஷோரூம் மேஜையில் இருந்தால் அதை நம்புவதற்கில்லை.

மாநிலம் மாறினால் விலை மாறும்

சாலை வரி மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளது. தில்லி அரசு 2020 ஆகஸ்டில் மின்சார வாகனக் கொள்கையை அறிவித்து, அக்டோபரில் சாலை வரிக்கு விலக்கு அளித்தது. முதல் 1,000 கார்களுக்கு அதிகபட்சம் ரூ.1.5 லட்சம் மானியமும் தந்தது. அந்த ஆயிரம் 2021-ஆம் ஆண்டிலேயே முடிந்துபோனது.

தெலங்கானா 2024 நவம்பரில் முழு வரி விலக்கு அறிவித்து, அதற்கு 2026 டிசம்பர் 31 எனக் கெடு விதித்தது. கர்நாடகம் 2024-இல் ரூ.25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் கார்களுக்கு 10 சதவீத ஆயுள் வரி விதித்தது. கேரளம் 2025-26 பட்ஜெட்டில் ரூ.15 லட்சத்துக்கு மேல் 8 சதவீதம், ரூ.20 லட்சத்துக்கு மேல் 10 சதவீதம் என வரியை உயர்த்தியது. பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் கார்களுக்கும் அங்கு 10 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. விலை குறைவு என்று பேட்டரி வாடகைத் திட்டத்தில் சேர்ந்தவர், கேரளத்தில் கூடுதல் விகிதத்தில் வரி கட்ட நேரும்.

இச் சலுகைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக்கெடு உண்டு. பதிவு செய்யும் நாளில் எந்த விகிதம் நடைமுறையில் இருக்கிறதோ அதுவே பொருந்தும். முன்பதிவு செய்து மூன்று மாதம் காத்திருப்பவர், வரி விலக்கு இடையில் முடிந்தால் வித்தியாசத்தை யார் ஏற்பது என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெறுவது அவசியம்.

விலைப்பட்டியலைப் பிரித்தால்...

"ஆன்-ரோடு விலை" என்று டீலர் எழுதித் தரும் ஒற்றை எண்ணுக்குள் பல எண்கள் அடங்கியுள்ளன. அவற்றில் சிலவற்றை மாற்ற முடியாது. சிலவற்றைப் பேரம் பேசலாம். சிலவற்றைக் கொடுக்கவே தேவையில்லை.

ஷோரூம் விலை, சாலை வரி ஆகியவை முதல் வகை. மின்சார வாகனங்களுக்குப் பதிவுச் சான்றிதழ் கட்டணத்திலிருந்து விலக்கு அளித்து மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஆகஸ்ட் 2-இல் அறிவிக்கை வெளியிட்டது. அதன் பின்னும் பட்டியலில் பதிவுக் கட்டணம் என்று பெருந்தொகை இருந்தால், அது எதற்கென்று கேட்க வேண்டும்.

ரூ.10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம் வருமான வரி முன்கூட்டியே வசூலிக்கப்படுகிறது. ரூ.14 லட்சம் என்றால் ரூ.14,000. இதை வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பதால் இதைச் செலவாகக் கருத வேண்டியதில்லை. ஒரு டீலர் இதைச் சேர்த்தும் மற்றொருவர் சேர்க்காமலும் விலை சொல்லியிருந்தால், ஒப்பீடு அங்கேயே பிசகிவிடும்.

காப்பீட்டில்தான் பெரிய வித்தியாசம் வரும். புதிய காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2018 செப்டம்பர் முதல் இது நடைமுறையில் உள்ளது. மின்சாரக் கார்களுக்கு இந்த மூன்றாம் நபர் பிரீமியத்தில் 15 சதவீதத் தள்ளுபடி 2022-இல் அறிவிக்கப்பட்டது. காருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீட்டை டீலர் சொல்லும் நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளே கூறுகின்றன. வெளியே ஒரு விலை கேட்டு வந்து மேஜையில் வைத்தாலே பல இடங்களில் டீலரின் பிரீமியம் இறங்கிவிடும். ஆனால் பேட்டரிக்குள் தண்ணீர் புகுந்தால் ஈடு உண்டா, தேய்மானக் கழிவு இல்லாத காப்பீடா என்பனவற்றை இரு பாலிசிகளிலும் ஒரேபோல வைத்து ஒப்பிட வேண்டும்.

"கையாளும் கட்டணம்", "லாஜிஸ்டிக்ஸ் கட்டணம்" என்ற பெயரில் சில ஆயிரங்கள் இருந்தால் அதை நீக்கச் சொல்லலாம். இப்படி வசூலிப்பதற்கு எதிராகப் பல மாநிலப் போக்குவரத்துத் துறைகள் எச்சரித்துள்ளன. டீலர் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் தெரிவிக்க இயலும்.

தள்ளுபடி எந்த வடிவில் வருகிறது என்பதும் முக்கியம். விலைச் சீட்டிலேயே குறைத்துக் காட்டினால் வரியும் சேர்ந்து குறையும். அதே தொகைக்கு மிதியடி, சீட் உறை என்று கொடுத்தால் அவற்றின் உண்மையான மதிப்பைத் தெரிந்துகொள்ள வழியில்லை. பழைய காரை மாற்றிக்கொள்வோர், பழைய காருக்கு எவ்வளவு, புதிய காருக்கு எவ்வளவு தள்ளுபடி என்று இரண்டையும் தனித்தனியே எழுதி வாங்க வேண்டும். "எக்ஸ்சேஞ்ச் போனஸ்" ஒரு லட்சம் என்று சொல்லிவிட்டு, பழைய காரின் விலையில் அந்த ஒரு லட்சத்தைக் கழிக்கும் வழக்கம் ஷோரூம்களுக்குப் புதிதல்ல.

காரின் தயாரிப்பு மாதத்தையும் கேட்டறிவது நல்லது. மின்சாரக் கார்களில் ஓராண்டுக்குள் பேட்டரியும் மென்பொருளும் மாறிவிடுகின்றன. பெரிய தள்ளுபடிக்குப் பின்னால் கிடங்கில் பல மாதம் நின்ற பழைய இருப்பு இருக்கக் கூடும்.

தவணை குறைந்தால் கடன் குறையுமா?

மாதத் தவணையை மட்டும் வைத்துச் சலுகைகளை ஒப்பிடுவது பலரும் செய்யும் தவறு. எடுத்துக்காட்டாக, ரூ.11 லட்சம் கடன், வட்டி 9 சதவீதம் எனக் கொள்வோம். 5 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை சுமார் ரூ.22,830; மொத்த வட்டி ரூ.2.70 லட்சம். அதையே 7 ஆண்டுகளாக நீட்டினால் தவணை ரூ.17,700 ஆகக் குறையும்; வட்டி ரூ.3.87 லட்சமாக உயரும். மாதம் ரூ.5,100 குறைந்ததாகத் தோன்றினாலும், ரூ.1.17 லட்சம் கூடுதலாகச் செலவாகிறது.

தள்ளுபடியா, குறைந்த வட்டியா என்ற கேள்விக்கும் கணக்கே விடை சொல்லும். ரூ.10 லட்சத்தை 5 ஆண்டுகளுக்கு 9.5 சதவீதத்தில் வாங்கினால் மொத்தம் சுமார் ரூ.12.60 லட்சம் கட்ட வேண்டும். 8.5 சதவீதம் என்றால் ரூ.12.31 லட்சம். ஒரு சதவீத வட்டிக் குறைப்பின் மதிப்பு சுமார் ரூ.29 ஆயிரம். இந்தக் கடன் தொகைக்கு, ரூ.50 ஆயிரம் ரொக்கத் தள்ளுபடியே மேல்.

இந்த விஷயத்தில் ரிசர்வ் வங்கி ஒரு நல்ல காரியம் செய்துள்ளது. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்கள் அனைத்துக்கும் "முக்கிய விவர அறிக்கை" தருவது கட்டாயம். கடன் பரிசீலனைக் கட்டணம் உள்ளிட்ட அனைத்தையும் சேர்த்து, ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் செலவாகிறது என்பதை அதில் ஒரே எண்ணாகக் காட்ட வேண்டும். டீலர் வாயால் சொல்லும் வட்டியை விட்டுவிட்டு, இரு வங்கிகளின் இந்த அறிக்கைகளை அருகருகே வைத்தால் போதும்.

பேட்டரி மட்டும் வாடகைக்கு

கடனைவிடக் குழப்பமானது பேட்டரி வாடகைத் திட்டம். இந்தியக் கார் சந்தையில் இதைப் பரவலாக்கியது எம்.ஜி. நிறுவனத்தின் "வின்ட்சர்" கார். 2024 செப்டம்பரில் அது அறிமுகமானபோது தொடக்க விலை ரூ.9.99 லட்சம், பேட்டரிக்கு கி.மீ.க்கு ரூ.3.50 வாடகை. பேட்டரியோடு சேர்த்து வாங்கினால் தொடக்க விலை ரூ.13.50 லட்சம். பின்னர் விலைகள் மாறினாலும், இந்தக் கணக்கின் அடிப்படை மாறவில்லை.

இரு விலைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ரூ.3.51 லட்சம். கி.மீ.க்கு ரூ.3.50 என்றால், ஏறத்தாழ ஒரு லட்சம் கி.மீ. ஓடும்போது வாடகையாகவே அந்தத் தொகை போய்விடும். மாதம் 1,500 கி.மீ. ஓட்டுபவருக்கு ஐந்தரை ஆண்டில் அந்தப் புள்ளி வரும்.

வட்டியையும் சேர்த்துப் பார்ப்பதே நியாயம். ரூ.3.51 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதம் சுமார் ரூ.7,290, மொத்தம் ரூ.4.37 லட்சம். மாதம் 1,500 கி.மீ. ஓட்டுபவர் கட்டும் பேட்டரி வாடகை ரூ.5,250, 5 ஆண்டில் ரூ.3.15 லட்சம். வாடகை குறைவாகத் தெரிகிறது. ஆனால் கடன் வாங்கியவருக்கு 5 ஆண்டு முடிவில் பேட்டரி சொந்தம். வாடகைக்கு எடுத்தவர் அதன் பிறகும் வாடகை கட்ட வேண்டுமா, பேட்டரி யாருக்கு உரியது என்பதெல்லாம் ஒப்பந்தத்தைப் பொருத்தது.

மாதம் 3,000 கி.மீ. ஓட்டுபவருக்கு வாடகை ரூ.10,500 ஆகிவிடும். அவருக்குச் சொந்தமாக வாங்குவதே மலிவு. குறைவாக ஓட்டுபவருக்கு வாடகை லாபம் என்று நினைப்பதும் முழு உண்மையல்ல. ஒப்பந்தத்தில் மாதக் குறைந்தபட்சம் 1,500 கி.மீ. என்று இருந்தால், 600 கி.மீ. மட்டும் ஓட்டுபவரும் ரூ.5,250 கட்ட வேண்டும். அவருக்கு கி.மீ.க்கு ரூ.8.75 விழும்.

மின்கட்டணம் தனி. ஒரு யூனிட்டில் ஆறரை கி.மீ. ஓடும் காருக்கு, யூனிட் ரூ.8 என வீட்டில் சார்ஜ் செய்தால் கி.மீ.க்கு ரூ.1.25 ஆகும். யூனிட் ரூ.20 வசூலிக்கும் பொது நிலையத்தில் சார்ஜ் செய்தால் ரூ.3-க்கு மேல். பேட்டரி வாடகையையும் சேர்த்தால் ரூ.6.50-ஐத் தாண்டும். லிட்டர் ரூ.95 விலையில் 15 கி.மீ. தரும் பெட்ரோல் காருக்கு ஆகும் ரூ.6.35-ஐவிட இது அதிகம். வீட்டில் சார்ஜ் செய்ய வசதியற்ற அடுக்ககவாசி, பேட்டரி வாடகைத் திட்டத்தில் சேரும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

குத்தகையின் வரவும் செலவும்

முழுக் காரையும் மாத வாடகைக்கு எடுக்கும் குத்தகை முறை, நிறுவன ஊழியர்களிடையே பரவி வருகிறது. காப்பீடு, பராமரிப்பு எல்லாம் வாடகைக்குள் அடக்கம். குத்தகைக்கும் காருக்கு உரிய ஜி.எஸ்.டி. விகிதமே பொருந்துவதால், மின்சாரக் கார் வாடகையில் வரிச் சுமை குறைவு. நிறுவனமே காரைக் குத்தகைக்கு எடுத்து ஊழியருக்கு அளித்தால் வருமான வரியிலும் ஓரளவு மிச்சமாகும்.

ஒரு மாதிரிக் கணக்கு: மூன்று ஆண்டுக் குத்தகை, மாதம் ரூ.32,000 என்றால் மொத்தம் ரூ.11.52 லட்சம். அதே காரை ரூ.14.5 லட்சத்துக்குக் கடனில் வாங்கினால், மூன்று ஆண்டு வட்டி ரூ.1.7 லட்சம், காப்பீடும் பராமரிப்பும் ரூ.1.3 லட்சம் எனக் கொண்டால், ரூ.17.5 லட்சம் ஆகும். வித்தியாசம் சுமார் ரூ.6 லட்சம். மூன்றாண்டு முடிவில் காரை ரூ.6 லட்சத்துக்கு மேல் விற்க முடியும் என்றால் வாங்குவது லாபம். முடியாது என்றால் குத்தகை லாபம். வாங்குவதா, குத்தகையா என்ற கேள்வி, மறுவிற்பனை விலை என்னவாகும் என்ற கேள்வியாக மாறிவிடுகிறது.

மின்சாரக் கார்களில் விடை தெரியாத கேள்வியும் அதுதான். புதிய கார்களின் விலை குறையக் குறைய, பழைய கார்களின் மதிப்பும் சரிகிறது. இதற்கிடையே 2024 டிசம்பர் 21-இல் ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், பதிவு பெற்ற வியாபாரிகள் விற்கும் பழைய மின்சாரக் கார்களின் லாபத் தொகை மீதான வரியை 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தியது. தனிநபர் மற்றொரு தனிநபருக்கு விற்றால் இந்த வரி இல்லை. சில நிறுவனங்கள் மூன்றாண்டு கழித்துக் குறிப்பிட்ட விலைக்குக் காரைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக உறுதி அளிக்கின்றன. அந்த உறுதி எத்தனை கி.மீ. வரை, எந்த நிலையில் உள்ள காருக்கு என்பதைப் படித்துப் பார்த்தே அதைக் கணக்கில் சேர்க்க முடியும்.

குத்தகைச் சலுகைகளை ஒப்பிடும்போது மாத வாடகைக்கு அடுத்துப் பார்க்க வேண்டியவை ஐந்து. ஆண்டுக்கு எத்தனை கி.மீ. அனுமதி, மீறினால் கி.மீ.க்கு எவ்வளவு, இடையில் முறித்துக்கொண்டால் அபராதம் எவ்வளவு, திருப்பித் தரும்போது கீறல், நசுங்கலுக்கு எப்படிப் பிடித்தம் செய்வார்கள், வேலை மாறினால் குத்தகை என்னவாகும். மாதம் ரூ.2,000 குறைவாகக் கேட்கும் நிறுவனம், இந்த ஐந்தில் ஏதேனும் ஒன்றில் அதைத் திரும்ப எடுத்துவிடலாம்.

கார் யாருடையது?

குத்தகையில் கார் நிறுவனத்தின் பெயரில் இருக்கும். அந்த நிறுவனமே தள்ளாடினால் என்ன ஆகும் என்பதை 2025-இல் தில்லி கண்டது.

மின்சார வாடகைக் கார்களை இயக்கிவந்த புளூஸ்மார்ட், பெரும்பகுதிக் கார்களை ஜென்சால் நிறுவனத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்திருந்தது. ஜென்சால் நிறுவனம் 6,400 மின்சாரக் கார்கள் வாங்க அரசு நிதி நிறுவனங்களிடம் ரூ.663.89 கோடி கடன் பெற்றது என்றும், வாங்கியது 4,704 கார்கள் மட்டுமே என்றும், ரூ.262.13 கோடிக்குக் கணக்கில்லை என்றும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான "செபி" 2025 ஏப்ரல் 15-இல் பிறப்பித்த இடைக்கால உத்தரவில் கூறியது. அடுத்த ஓரிரு நாள்களில் புளூஸ்மார்ட் சேவை நின்றது. ஓட்டுநர்கள் வேலையிழந்தனர். கார்களைக் குத்தகைக்கு அளித்திருந்த வேறு சில நிறுவனங்கள் தங்கள் கார்களைப் பாதுகாக்கத் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடின.

அது பெருநிறுவனங்களின் விவகாரம். ஆயினும், குத்தகை என்பது பல ஆண்டு உறவு என்பதை அது நினைவூட்டியது. பேட்டரி ஒரு நிறுவனத்திடம், காரின் கடன் மற்றொரு நிறுவனத்திடம் என்று இருப்பவர், ஒன்றில் தகராறு வந்தால் மற்றொன்றின் தவணை நிற்குமா என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பார்க்க வேண்டும். வைப்புத் தொகை எவ்வளவு என்பதும், அது யாரிடம் இருக்கிறது என்பதும் முக்கியம்.

அரசு விட்ட இடம்

2017-இல் ஒரே படிவத்தில் விலை கேட்ட மத்திய அரசும் ஒன்றைக் கோட்டைவிட்டது. வாங்கிய கார்கள் ஒருமுறை சார்ஜ் செய்தால் நகருக்குள் 80 கி.மீ. அளவுக்கே ஓடுகின்றன என்று அதிகாரிகள் தரப்பில் குறை எழுந்ததாக 2018-இல் செய்திகள் வெளியாயின. விலையும் உத்தரவாதமும் படிவத்தில் இருந்தன. அதிகாரியின் அன்றாட ஓட்டத்துக்கு அது போதுமா என்பது சரியாகப் பார்க்கப்படவில்லை. 10,000 கார்கள் என்ற இலக்கும் குறித்த காலத்தில் எட்டப்படவில்லை.

தனிநபர்களுக்கும் இதே அனுபவம் நேர்ந்தது. டாடா நெக்ஸான் மின்சாரக் காருக்கு 312 கி.மீ. என்று சோதனைச் சான்று இருந்தும் தமக்கு 200 கி.மீ.கூடக் கிடைக்கவில்லை என்று ஒருவர் அளித்த புகாரின்பேரில், 2021 மார்ச்சில் தில்லி அரசு அக் காருக்கான மானியத்தை நிறுத்திவைத்தது. நிறுவனம் உயர் நீதிமன்றத்தை அணுகி அதற்குத் தடை பெற்றது. சோதனைச் சாலையில் கிடைக்கும் தூரமும் நெரிசலில், ஏ.சி. போட்டுக்கொண்டு கிடைக்கும் தூரமும் ஒன்றாக இருப்பதில்லை. இப்போது சில நிறுவனங்கள் அன்றாடப் பயன்பாட்டில் கிடைக்கும் குறைந்த தூரத்தையும் சேர்த்தே வெளியிடுகின்றன. அந்த எண்ணை வைத்தே ஒப்பிட வேண்டும்.

பேட்டரி உத்தரவாதமும் அப்படித்தான். "வாழ்நாள் உத்தரவாதம்" என்ற விளம்பரத்தில் வாழ்நாள் என்பதற்கு டாடா நிறுவனம் தரும் பொருள், பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகள். அதுவும் முதல் உரிமையாளருக்கு. இரண்டாவது உரிமையாளருக்கு அது எப்படி மாறுகிறது என்பது மறுவிற்பனை விலையை நேரடியாகப் பாதிக்கும். பேட்டரியின் திறன் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

ஒரே தாளில் வேண்டும்

நான்கு சலுகைகளையும் ஒப்பிட வழி ஒன்றே. ஒரு தாளில் நான்கு பத்திகள் போட்டு, எத்தனை ஆண்டு, மாதம் எத்தனை கி.மீ. என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அந்தக் காலத்தில் கையிலிருந்து போகும் மொத்தப் பணத்தை ஒவ்வொரு பத்தியிலும் எழுத வேண்டும். முன்பணம், தவணை அல்லது வாடகை, பேட்டரி வாடகை, மின்கட்டணம், காப்பீடு, பராமரிப்பு, வீட்டில் சார்ஜர் பொருத்தும் செலவு அனைத்தும் அதில் வர வேண்டும். முடிவில் காரை விற்றால் கிடைக்கும் தொகையை, சற்றுக் குறைவாகவே மதிப்பிட்டு, கழித்துக்கொள்ள வேண்டும். மீதியை மொத்த கி.மீ.யால் வகுத்தால், ஒரு கி.மீ.க்கு எவ்வளவு என்ற எண் கிடைக்கும். பெட்ரோல் காரையும் ஐந்தாவது பத்தியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இதை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே உட்கார்ந்து போட வேண்டியிருப்பதுதான் குறை. குளிர்சாதனப் பெட்டி வாங்கினால் அது எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதைச் சொல்ல நட்சத்திர முத்திரை இருக்கிறது. கடன் வாங்கினால் முழுச் செலவையும் ஒரே எண்ணில் காட்ட ரிசர்வ் வங்கியின் அறிக்கை இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு நடுத்தரக் குடும்பம் செய்யும் பெரிய செலவான காருக்கு, அதிலும் பேட்டரி ஒருவருடையது, உடல் மற்றொருவருடையது என்று விற்கப்படும் காருக்கு, அப்படி ஒரு பொதுப் படிவம் இல்லை.

இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. மொத்த விலை, பேட்டரி வாடகையின் குறைந்தபட்சம், அன்றாடப் பயன்பாட்டில் ஓடும் தூரம், உத்தரவாதத்தின் நிபந்தனை, இடையில் விலகினால் அபராதம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும் என்று விதி செய்தால் போதும். சொந்தக் கார்களுக்கு மானியம் வேண்டும் என்ற நிலைக்குழுவின் பரிந்துரையை ஏற்காத அரசு, வாங்குவோர் தங்கள் சொந்தப் பணத்தைச் சரியாகக் கணக்கிட உதவுவதற்காவது முன்வரலாம். 2017-இல் தனக்காக அது செய்துகொண்டதும் அதைத்தான்.

அதுவரை, ஷோரூமில் விலை சொல்லும்போது வாங்குவோர் கேட்க வேண்டியது: "இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா?" தயங்குகிற டீலரின் சலுகையை ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டியதில்லை.